வெறும் விற்றமின்தானே!

தெமட்டகொடையில் எமது ஒழுங்கையில் வசிக்கும் குடும்பமொன்றின் மூத்த மகளுக்கு அடுத்த மாதம் திருமணம். கடந்த வாரம் அழைப்பிதழுடன் வந்த அப்பிள்ளை, அழகு நிலையமொன்றின் விலைப்பட்டியலையும் என்னிடம் நீட்டினாள். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை இந்நாட்டில் இன்னும் எஞ்சியிருப்பது கண்டு எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். விற்றமின் சீ பேஷியல், விற்றமின் ஈ பேஷியல் என்று தொடங்கிய பட்டியல், குளுட்டாதையோன் ஊசி ஆறு தடவை என்று முடிந்திருந்தது.

"வெறும் விற்றமின்தானே அங்கிள், என்ன கெடுதி வரப்போகுது?"

குளுட்டாதையோன் விற்றமினே அல்ல. எமது உடற்கலங்கள் மூன்று அமினோ அமிலங்களைச் சேர்த்துத் தாமாகவே உற்பத்தி செய்துகொள்ளும் ஒட்சியேற்ற எதிரி அது. பிலிப்பைன்சில் இதன் ஊசி அங்கீகரிக்கப்பட்டது, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தோடு துணையாகக் கொடுப்பதற்காக. தோலை வெளுக்க வைப்பதற்காக இதனை நாளத்தினுள் ஏற்றுவதற்கு எதிராக, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2011 இலேயே எச்சரித்தது. ஈரல், சிறுநீரகம், நரம்பு மண்டலம் ஆகியவற்றுக்கான பாதிப்பும் உயிராபத்தான தோல் எதிர்வினைகளும் அந்த எச்சரிக்கையில் கூறப்பட்டிருந்தன. தோல் வெளுக்கும் ஊசி எதனையும் தான் அங்கீகரிக்கவில்லை என்று அமெரிக்க நிர்வாகம் 2015 இல் அறிவித்தது.

முகத்தில் பூசும் விற்றமின் சீ பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது முரண்டு பிடிக்கும் பொருள். அமிலத்தன்மை மிகுந்த கரைசலாக இருந்தால்தான் தோலினுள் இறங்கும். ஒளியும் காற்றும் பட்டால் ஒட்சியேறிப் பழுப்பு நிறமாகிவிடும். மாதமொருமுறை அரைமணி நேரம் பூசிக் கழுவிவிடுவதால் கிடைப்பது பெரும்பாலும் பிடித்துவிட்ட சுகமே. அதுவும் வேண்டியதுதான், கலியாண வீட்டு அலைச்சலுக்கு. உடலுக்கு விற்றமின் சீ வேண்டுமென்றால் 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. விற்றமின் ஏ குடும்பத்து மருந்துக் கிறீம்களைக் கர்ப்ப காலத்தில் தவிர்க்கவேண்டும் என்பதை இப்பெண்ணிடம் எவரும் சொல்லியிருக்கவில்லை.

விபரம் எழுதப்படாத டப்பிக் கிறீம்கள் இவற்றிலும் கொடியவை. வெளுக்கும் கிறீம்களில் சேர்க்கப்படும் பாதரசம், நிறப்பொருள் உருவாவதைத் தடுத்துக்கொண்டே சிறுநீரகத்தையும் அரிக்கும். இலங்கை 2017 இல் ஏற்று உறுதிப்படுத்திய மினமாட்டா சமவாயம் இவற்றைத் தடுக்கிறது. தடை தாளில் இருக்கிறது. டப்பி கடையில் இருக்கிறது.

விற்றமினுக்கும் வெள்ளை நிறத்துக்கும் முடிச்சுப் போடுவது இன்று நேற்று வந்ததல்ல. 1975 இல் இந்தியாவில் சந்தைக்கு வந்த 'பெயார் அண்ட் லவ்லி' கிறீமில் இருந்த நியாசினமைட், விற்றமின் பி3 இன் ஒரு வடிவமே. 2020 இல் அதன் பெயரை 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றினார்கள். பெயரை மாற்றுவது இலகு.

இதில் எனக்கும் பங்குண்டு என்பதை மறைக்க முடியாது. ஞாயிறு இதழின் மணமக்கள் பகுதியில், 'நல்ல நிறமான மணமகள் தேவை' என்ற வரியை எத்தனை நூறு தடவை சரிபார்த்து அச்சுக்கு அனுப்பியிருப்பேன்! எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டுமே பார்த்தேன். அந்த வரியைப் படித்து வளர்ந்த பிள்ளைகள்தாம் இன்று ஊசிக்குக் கை நீட்டுகிறார்கள்.

பட்டியலில் ஊசியைப் பேனாவால் வெட்டிவிட்டு, பேஷியல் ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். தோலில் ஏதும் குறையிருந்தால் தேசிய வைத்தியசாலையின் தோல் சிகிச்சைப் பிரிவில் காட்டும்படி சொன்னேன். பிள்ளை தலையாட்டினாள். வாசல்வரை போனவள் திரும்பிவந்து, அந்த ஆறு ஊசிக்கும் முற்பணம் கட்டியவர் மாப்பிள்ளையின் தாயார் என்றாள்.

அவரோடு நான் கதைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வத்தளைக்குப் போகவேண்டும்.