மடக்கெழுத்தாணி: சுவடியோடு சேர்த்துக் காக்கவேண்டிய கத்தி

திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் எழுதப்பட்டவை ஓரளவு காக்கப்பட்டுள்ளன. திருமலைக் கோயிற் கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1930களில் தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் மிகப் பல தமிழில் அமைந்தவை. ஓலைச்சுவடிகளுக்கென 1939இல் தேவஸ்தானம் நிறுவிய கீழைத்தேய ஆய்வு நிறுவனம் பின்னர் வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. ஆனால் அந்த ஓலைகளை நறுக்கிய கத்திக்கும் கீறிய எழுத்தாணிக்கும் இத்தகைய கவனிப்பு வாய்க்கவில்லை.

மடக்கெழுத்தாணி என்பது இரண்டையும் ஒரே பிடிக்குள் அடக்கிய கருவி. பிடியின் ஒருபுறம் எழுத்தாணி, மறுபுறம் சிறு கத்தி; இரண்டையும் மடக்கி மடியில் செருகிக்கொள்ளலாம். ஓலையின் ஈர்க்கை நீக்குவதும் விளிம்பைச் சீவி ஏடுகளை ஒரே அளவாக்குவதும் கத்தியின் வேலை. ஓலைத் துண்டுக்கு ‘நறுக்கு’ என்ற பெயர் அமைந்ததே இந்த வேலையால்தான். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி ஆகியவற்றோடு மடக்கெழுத்தாணியையும் உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் குறிப்பிடுகிறார். எழுத்தாணியைத் தெலுங்கர் ‘கண்டமு’ என்பர். படித்தவர் உடலோடு கொண்டு திரிந்த கத்தி இது. சட்டைப்பை வழக்கத்துக்கு வருமுன் மடியே அதற்குப் பை.

இன்று இக்கருவி பழம்பொருள் கடைகளில் பித்தளைப் பிடிக்காகவும் தந்தப் பிடிக்காகவும் விலைபோகிறது. சேகரிப்பாளர்களைக் குறைகூறுவது எளிது. எனினும் பழைய இரும்போடு உருகிப் போகவிருந்த பலவற்றைக் காத்தவர்கள் அவர்களே. இழப்பு வேறிடத்தில் நிகழ்கிறது. சுவடிக்கட்டு நூலகத்துக்கும் எழுத்தாணி கடைக்கும் செல்லும்போது, எந்த வீட்டில் எந்தக் கட்டோடு அது இருந்தது என்ற செய்தி அழிகிறது. அந்தச் செய்தி இல்லாத எழுத்தாணி, அழகுப்பொருளாக எஞ்சுமேயன்றிச் சான்றாகாது.

இது வெறும் பழம்பொருட் பற்று அன்று, பதிப்பியலின் சிக்கல். தமிழ்ச் சுவடிகளில் மெய்யெழுத்துகளின் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. புள்ளி இட்டால் ஓலை துளைபடும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதைச் சோதிக்க எழுத்தாணி முனையின் பருமனும் கூர்மையும் கருவியின் எடையும் தெரியவேண்டும். சித்தூர் இவ்வகை ஆய்வுக்கு ஏற்ற களம். வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911இல் உருவான மாவட்டம் அது. தமிழும் தெலுங்கும் ஒரே ஊரில் வழங்கிய நிலம். தெலுங்கின் வளைவுகளையும் தமிழின் கோடுகளையும் ஒரே முனை எழுதியதா, வெவ்வேறு முனைகள் தேவைப்பட்டனவா என்ற வினாவுக்கு ஏடுகள் மட்டும் விடை தரமாட்டா.

கத்தி என்ற சொல்லே சிலரைத் தயங்கச் செய்யலாம். அத்தயக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தாக்கவோ தற்காக்கவோ வடிவமைக்கப்பட்ட பொருள்களையே ஆயுதம் என வரையறுக்கிறது. அதன்கீழ் வந்த 1962ஆம் ஆண்டு விதிகள் கத்திகளுக்குக் குறித்த அளவு 9 அங்குல நீளத்துக்கு அல்லது 2 அங்குல அகலத்துக்கு மேற்பட்ட அலகு. எழுத்தாணிக் கத்தியின் அலகு அதில் சிறுபகுதியே. ஆயுதச் சோதனை நடைபெறும் அலிபிரி வழியே இன்று அதை மடியில் செருகி மலையேற இயலாமற்போகலாம். வீட்டுப் பெட்டியில் வைத்திருப்பது குற்றமன்று. கவனிக்கவேண்டிய சட்டம் வேறு: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த இத்தகைய கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது.

ஓலைகளே செல்லரித்து அழியும்போது கருவிக்கு என்ன அவசரம் என்ற மறுப்பு நியாயமானது. ஓலைக்கே முதலிடம். ஆயினும் இரண்டுக்கும் தனித்தனிப் பயணம் தேவையில்லை. நடுவண் அரசின் 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளை அளவாய்வு செய்து ஆவணப்படுத்திக் காக்கும் ஞான பாரதம் இயக்கம் அறிவிக்கப்பட்டது. சுவடி தேடிச் செல்வோர் அதே வீட்டில் இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: “எழுத்தாணி இருக்கிறதா?” இருந்தால் ஒரு படம், நீளம், எடை, முனையின் பருமன், கத்தி உண்டா இல்லையா, எந்தக் கட்டோடு இருந்தது என்ற குறிப்பு. இவற்றுக்குச் சில நிமிடங்கள் போதும். பொருளை வாங்கவும் வேண்டாம். அது அவ்வீட்டிலேயே இருக்கட்டும்.

சுவடி விவரப்பட்டியல்கள் ஏட்டின் எண்ணிக்கை, நீள அகலம், பக்கத்துக்கு எத்தனை வரி என்பவற்றையெல்லாம் பதிகின்றன. ‘உடன் கிடைத்த கருவி’ என ஒரு பத்தியைக் கூட்டுவது பெருஞ்செலவு பிடிக்கும் சீர்திருத்தமன்று. பரண்களில் எஞ்சிய பெட்டிகள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன. சுவடியை எடுத்துக்கொண்டு கத்தியைப் பெட்டியிலேயே மறந்துவரும் ஒவ்வொரு பயணமும், பின்னால் வரும் ஆய்வாளர் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை விடையின்றி முடித்துவைக்கிறது.