சரக்கின் மேல் ஏற்றப்படும் மனிதர்கள்

2021 ஆகஸ்ட் 20 அன்று மகாராஷ்டிரத்தின் புல்தானா மாவட்டத்தில், நாக்பூர் – மும்பை சம்ருத்தி விரைவுச்சாலைப் பணிக்காக இரும்புக் கம்பி ஏற்றிச் சென்ற டிப்பர் லாரி கவிழ்ந்தது. கம்பியோடு ஏற்றப்பட்டிருந்த தொழிலாளர்களில் 13 பேர் இறந்தார்கள். இதைச் சாலை விபத்து என்று சொல்லிக் கடந்துவிட நம்மால் முடியாது.

கனரக வண்டி ஏன் கவிழ்கிறது என்பது தெரிந்த விசயம்தான். இறுக்கிக் கட்டாத கம்பி வளைவில் ஒரு பக்கமாகச் சரியும். டிப்பரின் தொட்டியைத் தூக்கும்போது எடை மேலே போகும்; கீழே மண் இளகியிருந்தால் வண்டி சாயும். கவிழும் வண்டியிலிருந்து குதிப்பவர் பலநேரம் அதன் அடியிலேயே நசுங்குகிறார். உறுதியான இரும்புக் கூட்டுக்குள் சீட் பெல்ட்டோடு இருப்பவர் பிழைக்க வாய்ப்பு அதிகம். சுவீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்கு இந்தப் பாதுகாப்புக் கூட்டைக் கட்டாயமாக்கிவிட்டது.

ஆனால் கூடும் பெல்ட்டும் இருக்கை உள்ளவருக்குத்தான். சரக்கின் மேல் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன காப்பு?

அவர் ஏன் அங்கே உட்கார்ந்தார்? கூலிக்காரருக்குத் தனி வண்டி என்றால் செலவு. கம்பியோடு ஏற்றினால் செலவில்லை. இந்தக் கணக்கைக் கூசாமல் போட வைப்பது சாதி. நிலமில்லாமல், மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகளும் பழங்குடிகளும் பிற்படுத்தப்பட்ட சாதியினரும்தான். ஏற மாட்டேன் என்றால் அன்றைய கூலி போகும். வாங்கிய கடன் கழுத்தைப் பிடிக்கும். சாதி உழைப்பவர்களையே மேல் கீழாக அடுக்கி வைத்திருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் எடுத்துக்காட்டினார். கட்டுமான வேலைக்குப் போகிறவர்களில் யார் காரில், யார் கம்பியின் மேல் என்று பாருங்கள். அந்த அடுக்கு தெரியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 1996இலும் அதற்கான மத்திய விதிகள் 1998இலும் வந்தன. ஆனாலும் வண்டி கவிழ்ந்ததும் வழக்கு பாய்வது பெரும்பாலும் ஓட்டுநர் மேல்தான். அவரும் கூலிக்காரரே. ஆளேற்றச் சொன்ன காண்டிராக்டரும், வேலையைக் கொடுத்த நிறுவனமும் இழப்பீட்டு அறிவிப்போடு ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

தொழிலாளர்களுக்கு இருக்கையுள்ள தனி வண்டி என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். ஆபத்தான வண்டியில் ஏற மறுப்பவரின் கூலியைப் பிடிக்கக் கூடாது. சாவு நேர்ந்தால் காண்டிராக்டரையும் முதன்மை நிறுவனத்தையும் வழக்கில் சேர்க்க வேண்டும். இறந்தவர்களின் சாதி விவரமும் பதிவாக வேண்டும். அரசு போடும் சாலைகளுக்கு யாருடைய உயிர் விலையாகிறது என்பது நாட்டுக்குத் தெரியட்டும்.