போட்டின்னே எழுதுங்க

எங்க அத்தை ஆவடியில் தள்ளுவண்டி போட்டு மாட்டுக்கறி வறுவலும் போட்டியும் விக்கிறாங்க. முப்பது வருசத் தொழில். சாயங்காலம் வேலை முடிஞ்சு வர்ற ஒப்பந்தத் தொழிலாளிங்கதான் வாடிக்கை. சிறு உணவுத் தொழில் செய்யறவங்களுக்கு அரசு மானியத்தில் உணவுப் பாதுகாப்புப் பயிற்சின்னு கூப்பிட்டாங்க. நானும் கூடப் போனேன்.

பயிற்சி கொடுத்தவர் ஒவ்வொருத்தர் தொழிலாக் கேட்டு எழுதிக்கிட்டே வந்தார். ஊறுகாய், அப்பளம், மசாலாப் பொடி. அத்தை முறை வந்தது. "மாட்டுக்கறி, போட்டி" என்றார்கள். பேனா நின்றுவிட்டது. "பலகாரக் கடைன்னு போட்டுக்கிறேம்மா. மத்தவங்க சங்கடப்படுவாங்க."

"இன்னா சார், விக்கிறது ஒண்ணு, எழுதறது ஒண்ணா? கறி கெட்டா பலகாரமாவா கெடும்?" அத்தை கேட்டதற்கு அங்கே பதில் இல்லை.

நாள் முழுக்க ஊறுகாய் ஜாடியைப் பற்றியே பேச்சு. குடலை எப்படிக் கழுவுவது, பச்சைக்கறிக்கும் வெந்த கறிக்கும் தனித்தனிப் பலகை எதற்கு, வெயிலில் கறி எத்தனை நேரம் தாங்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. சமைத்ததை 60 பாகைக்கு மேல் சூடாக வை, இல்லையென்றால் 5 பாகைக்குக் கீழே வை என்றார். "தணல் மேலயே கல்லு வெச்சிருக்கேனே, அது இன்னாத்துக்கு?" என்றார்கள் அத்தை.

இது ஒரு தனிமனிதரின் சங்கடம் அல்ல. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. தள்ளுவண்டிக்காரரும் பதிவு செய்யவேண்டும் என்றது. 2020இல் குறுந்தொழில்களுக்கென்று பத்தாயிரம் கோடி ரூபாயில் மத்தியத் திட்டம் வந்தது. பயிற்சி உண்டு. முதலீட்டில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம். சுயஉதவிக்குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் தொடக்க நிதி. அந்தத் திட்ட ஏட்டில் மீனும் கோழியும் இறைச்சியும் எழுதித்தான் இருக்கிறது. ஏட்டில் இருப்பது கூடத்துக்குள் வரும்போது எங்கே தொலைந்துபோகிறது?

சுத்தம் என்ற சொல்லில் தொலைகிறது. கிருமிக்குச் சாதி தெரியாது. ஆனால் இந்த நாட்டில் சுத்தம் என்றால் பாதி நேரம் தீட்டு என்றுதான் பொருள். 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கரும் தோழர்களும் தண்ணீர் குடித்தார்கள். ஆதிக்க சாதிகள் அந்தக் குளத்தில் சாணியும் மூத்திரமும் கலந்த பஞ்சகவ்யத்தை ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். எந்த உணவு ஆய்வாளர் அதற்குச் சான்றிதழ் தருவார்? 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றது மாவட்ட நிர்வாகம். இது பாகுபாடு என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிப்போனது.

நம் தோழர்கள் சிலர் சொல்கிறார்கள்: 'பயிற்சியும் வேணாம், பதிவும் வேணாம், எல்லாம் நம்மை விரட்டத்தான்.' நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கெட்ட கறி தின்றால் முதலில் வயிற்றைப் பிடிப்பது நம் பிள்ளைகள்தான். அறிவியலை அவர்களிடம் விட்டுவிட்டு நாம் ஏன் வெளியே நிற்கணும்? அந்தப் பணம் நம் வரியும்தான்.

ஆனால் அறிவுரை மட்டும் போதாது. கைகழுவு என்கிறவன் முதலில் குழாய் போடட்டும். சுத்தமான கறி வேண்டுமென்றால் முறையான அறுவைக்கூடம் கட்டட்டும். ஐஸ்பெட்டிக்கு மானியம் கொடுக்கட்டும். பயிற்சிக்கு வரும் நாளில் வண்டி ஓடாது. அந்த நாள் கூலியைக் கொடுக்கட்டும். மானியத்துக்கு முன்னால் வங்கிக் கடன் வேண்டுமாம், சொந்தப் பணம் பத்து சதவீதம் வேண்டுமாம். தண்டல்காரனைத் தவிர யாரும் நம்பாத என் அத்தைக்கு எந்த வங்கி கதவைத் திறக்கும்?

1955 ஜனவரியில் இதே ஆவடியில்தான் காங்கிரசு சமதர்ம பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. எழுபது வருசம் ஓடிப்போச்சு. ஒரு தள்ளுவண்டியின் பெயரைத் தாளில் எழுதக் கை வரவில்லை.

மாணவத் தோழர்களே, உங்கள் பகுதியில் இப்படிப் பயிற்சி நடந்தால் நம் பெண்களோடு நீங்களும் போங்கள். தொழிலை அதன் சொந்தப் பெயரில் எழுதும்வரை எழுந்திருக்காதீர்கள். அத்தை கையெழுத்துப் போடாமல்தான் திரும்பினார்கள். அடுத்த பயிற்சிக்கு இன்னும் பத்து வண்டிக்காரிகளோடு போகப்போகிறோம்.