பத்தே பத்து காசு!



பழைய காசுகள் போட்டு வைத்த டப்பா, உங்களில் பலரிடம் இருக்கும். அதில் தங்கக் காசு இருக்காது, எங்களிடமும் இல்லை! ஆனாலும், இந்த வாரம் ரஷ்யாவின் தங்கக் காசுகளைப் பற்றிப் பேசலாம், வாங்க.

ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னர், இரண்டாம் நிக்கோலஸ். அவர் காலத்து, 10 ரூபிள் தங்கக் காசின் எடை, 8.6 கிராம். அதில் சுத்தத் தங்கம் எவ்வளவு என்பதை, விளிம்பைச் சுற்றிப் பொறித்திருப்பர். யாராவது ஓரத்தைச் சுரண்டி தங்கம் திருடினால், அழிந்த எழுத்தே காட்டிக் கொடுத்து விடும்!

இந்தக் காசை, 1899ல் இரண்டு கோடிக்கும் மேல் அச்சடித்தனர். 1906ல் அச்சடித்ததோ, வெறும், 10 தான். ஒரே மன்னர் முகம், ஒரே எடை, ஒரே தங்கம். உருக்கினால் இரண்டுக்கும் ஒரே விலை தான். ஆனால், காசு சேகரிப்பவர்கள், '1906' என்ற எண்ணைத் தேடித் தான் அலைவர். ஏமாற்றுக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால் தான், ஆண்டு எண்ணை யாரும் திருத்தியிருக்கின்றனரா என்று, லென்ஸ் வைத்துப் பார்ப்பர்.

இன்னொரு வேடிக்கை... 1876ல், விளாடிமிர் என்ற இளவரசரின் பிறந்த நாளுக்காகவே, 25 ரூபிள் தங்கக் காசுகள், 100 அச்சடித்தனர். நமக்கு பிறந்த நாள் என்றால் சாக்லேட்டோடு சரி!

ஜார் குடும்பத்திலேயே காசுப் பைத்தியம் ஒருவர் இருந்தார். அவர், ஜார் முதலாம் நிக்கோலசின் பேரன், ஜார்ஜி மிகைலோவிச். காசுகளைச் சேர்த்ததோடு நிற்கவில்லை. எந்தக் காசு, எந்த ஆண்டு, என்ன வகை என்று அரசு ஆவணங்களைத் தோண்டி எடுத்து, தொகுதி தொகுதியாகப் புத்தகம் போட்டார்.

1917ல் புரட்சி வந்தது. ஜார் ஆட்சி போனது. 1919 ஜனவரியில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உள்ள கோட்டையில், ஜார்ஜி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஆசை ஆசையாய்ச் சேர்த்த காசுகள் கை மாறி, அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. அங்கும் நிம்மதி இல்லை. 1967ல், கொள்ளையர்கள் வீடு புகுந்து அள்ளிச் சென்றனர். பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் பல காசுகள் மீட்கப்பட்டன. அந்தச் சேகரிப்பின் பெரும் பகுதி இப்போது, வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவருடைய புத்தகங்களை மட்டும் யாராலும் கொள்ளையடிக்க முடியவில்லை. ரஷ்யக் காசு ஒன்று கையில் கிடைத்தால், சேகரிப்பவர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகின்றனர்.