மலை உச்சியில் நிக்காஹ்: அழைப்பிதழ் யாருக்கு?



ஷவ்வால் பிறை தென்பட்டதும் நம் மஹல்லாக்களில் திருமணப் பேச்சுகள் தொடங்கிவிடும். மாப்பிள்ளை தொழுகையாளியா, பெண்ணின் குடும்பம் எப்படிப்பட்டது, மஹர் எவ்வளவு என்பனவே முன்பெல்லாம் அப்பேச்சில் முதலில் எழும் வினாக்கள். இப்போது கோட்டக்குப்பம், இரும்பை, வானூர், திண்டிவனம் எனும் நம் சுற்றுவட்டாரத்து வசதியான வீடுகளிலும் வேறொரு வினா முந்திக்கொள்கிறது: "எந்த மலையில் வைக்கலாம்?" ஊட்டியா, கொடைக்கானலா, ஏற்காடா, வயநாடா என்று பட்டியல் நீள்கிறது. பனிமூட்டத்தின் நடுவே வெள்ளைப் பந்தல், பின்னணியில் தேயிலைச் சரிவு, பறக்கும் கேமராவில் மணமக்கள் நடந்துவரும் காட்சி. இவை வேண்டுமென்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோர் கடன்பட்டேனும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இதனை வெறும் ஆடம்பரம் என்று கண்டித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அந்தக் கண்டனத்தை ஜும்ஆ மேடைகளில் போதுமான அளவு கேட்டாயிற்று; கேட்டவர்களும் பழகிவிட்டார்கள். நாம் சொல்லவருவது அதுவன்று. திருமணத்திற்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, அத்திருமணத்திற்கு யார் வரக்கூடாது என்பதையும் நாம் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். அழைப்பிதழில் எழுதப்படாத அந்தப் பட்டியலைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

செல்வந்தர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவே உணவுகளில் மிகக் கெட்டது என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வரும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இதை அறியாத முஸ்லிம் வீடு தமிழகத்தில் அரிது. அதனால்தான் ஏழையை வெளிப்படையாக விலக்க எவரும் துணிவதில்லை. தெருவில் எல்லோருக்கும் அழைப்பிதழ் கொடுக்கப்படுகிறது, வாய் நிறைய அழைக்கவும் படுகிறது. ஆனால் நிக்காஹ் நடக்கும் இடமோ ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது! விலக்கும் வேலையை நமக்குப் பதிலாகத் தூரம் செய்துமுடிக்கிறது. நம் கையில் அழுக்குப் படுவதில்லை.

கோட்டக்குப்பத்திலிருந்து உதகைக்குப் போய்த் திரும்ப ஒரு மனிதருக்கு என்ன தேவை என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தது இரண்டு நாள் வருமான இழப்பு, வாகனச் செலவு, குளிருக்கான உடை, மேலே தங்குவதற்கு ஓர் அறை. அறையை வீட்டார் கொடுப்பார்கள். ஆனால் விடுதியில் இருப்பதோ நாற்பது ஐம்பது அறைகள். அவை யாருக்கு ஒதுக்கப்படும்? வளைகுடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வரும் உறவினருக்கு, கூட்டாளிகளுக்கு, சம்பந்தி வீட்டாருக்கு. பாங்கு சொல்லும் மோதினாருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை; ஐவேளையும் பள்ளியை விட்டு அவரால் வரவும் முடியாது. மணமகளுக்கு அலிஃப் பே கற்றுக்கொடுத்த மதரஸா உஸ்தாதுக்கு இடமில்லை. தைத்துக் கொடுத்த தையல்காரர், காலையில் இடியாப்பம் கொண்டுவரும் அம்மா, எதிர்வீட்டு ஹிந்துச் சகோதரர் ஆகியோருக்கும் இல்லை. நாற்காலியில் அமர்ந்து தொழும் பாட்டியை ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிச்செல்ல வேண்டாமென்று மருத்துவரே சொல்லிவிடுவார். பேரனின் நிக்காஹை அவர் கைப்பேசித் திரையில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை நம் வட்டாரத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே நீரில் மிதந்தது. தெருவில் தண்ணீர் நின்ற அந்த நாள்களில் நம் கதவைத் தட்டி, பால் இருக்கிறதா, மருந்து இருக்கிறதா என்று கேட்டவர்கள் யார்? தேயிலைத் தோட்ட விடுதியின் வரவேற்பாளர்கள் அல்லர். அழைப்பிதழ் கிடைத்தும் வர இயலாத மேற்சொன்ன மனிதர்கள்தாம்.

"ஊருக்குத் திரும்பி மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரு வலீமா வைத்துவிடுகிறோமே, பிறகென்ன குறை?" என்று கேட்பார்கள். ஒன்றுமே வைக்காதிருப்பதைவிட அது மேல் என்பதை ஒப்புக்கொள்வோம். ஆயினும் அதன் பொருளையும் விளங்கிக்கொள்ள வேண்டும். வேண்டியவர்களுக்கு மலையில் மூன்று நாள் விருந்து, மற்றவர்களுக்கு ஒரு பகல் பிரியாணி. ஒரே திருமணத்திற்கு இரண்டு வரிசைகள்! காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஒரே தாலத்தைச் சுற்றி அமர்ந்து, முதலாளியும் வேலையாளும் ஒன்றாகக் கைவைத்து உண்ணும் சஹன் முறையைப் போற்றிக் கட்டுரை எழுதும் சமுதாயம் நாம். அந்தத் தாலத்தை இரண்டாக உடைப்பதற்கு நாமே இடம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மார்க்கம் அறிந்த சிலர் இன்னொரு வாதத்தை முன்வைப்பதுண்டு. கைபரிலிருந்து மதீனா திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்கள் ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்து, அங்கேயே வலீமா கொடுக்கவில்லையா? உம்ரா முடித்துத் திரும்புகையில் மக்காவுக்கு வெளியே ஸரிஃபில் மைமூனா (ரலி) அவர்களுடன் இல்லறம் தொடங்கவில்லையா? ஊருக்கு வெளியே திருமணம் நடந்ததற்கு முன்மாதிரி இருக்கிறதே என்பது அவர்கள் வாதம்.

இதற்கு விடை அந்தச் செய்திகளுக்குள்ளேயே இருக்கிறது. அந்த இடங்கள் காட்சிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவையல்ல. பயணம் வேறொரு நோக்கத்திற்கானது, திருமணம் அப்பயணத்தின் வழியில் அமைந்தது. உடனிருந்த தோழர்களே விருந்தினர். ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை; தோல் விரிப்புகளில் பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும் இடப்பட்டன. இருந்தவர்களுக்கு இருந்ததைக் கொடுத்த விருந்து அது. உடனிருப்பவர்களை விட்டுவிட்டு எங்கோ போய் விருந்து வைப்பதற்கு இதனை எவ்வாறு சான்றாக்க முடியும்?

அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் திருமணத்தையும் நினைவுகூர்வோம். அவர் ஆடையில் மஞ்சள் நிற நறுமணத்தின் சுவட்டைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் விசாரித்த பிறகே அவருக்குத் திருமணம் ஆன செய்தி தெரிந்தது. பேரீச்சங்கொட்டை எடையளவு பொன் மஹராகக் கொடுத்திருந்தார். தம்மை அழைக்கவில்லையே என்று நபியவர்கள் வருந்தவில்லை. அவருக்காக துஆ செய்து, ஓர் ஆட்டையேனும் அறுத்து விருந்து கொடுக்கும்படி சொன்னார்கள். விருந்து எளிமையாக இருக்கலாம், ஆனால் கொடுக்கப்பட வேண்டும். செலவு குறைந்த திருமணமே பரக்கத் நிறைந்தது என்ற பொருளில் மேடைதோறும் சொல்லப்படும் செய்தியை நாம் இங்கே சான்றாக வைக்கவில்லை. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென்று ஹதீஸ் ஆய்வாளர் பலர் கூறியுள்ளனர். வலுவான செய்திகளே போதுமான அளவு இருக்கும்போது அது தேவையுமில்லை.

இனி, எவரும் உரக்கப் பேசாத ஒன்றுக்கு வருவோம். இந்த மலைச் செலவை யார் ஏற்கிறார்கள்?

கைக்கூலிக்கு எதிராகத் தமிழக முஸ்லிம்கள் பல்லாண்டுகளாகப் போராடிவருகிறார்கள். தவ்ஹீது அமைப்புகளும் பேசின, சுன்னத் ஜமாஅத் ஆலிம்களும் பேசினார்கள். கைக்கூலி வாங்கும் திருமணத்திற்குத் தஃப்தர் கொடுக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்ட மஹல்லாக்களும் உண்டு. அதன் பயனாக, ரொக்கம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது இன்று பல வீடுகளில் வெட்கத்திற்குரியதாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வெட்கம் வந்த இடத்தில் தந்திரமும் வந்துவிட்டது. "எங்களுக்கு ஒரு ரூபாய் வேண்டாம். நகை உங்கள் மகளுக்கு, உங்கள் விருப்பம். கல்யாணத்தை மட்டும் கொஞ்சம் சிறப்பாக, ஊட்டியில் வைத்துக் கொடுங்கள். பையனுக்கு ஆசை." பெண்ணைப் பெற்றவரின் காதில் இந்தச் சொற்கள் எப்படி விழுகின்றன என்பதைப் பெண்ணைப் பெற்றவர்கள் அறிவார்கள். மறுத்தால் சம்பந்தம் கைநழுவும் என்ற அச்சத்தில் தலையாட்டுகிறார். அறைகளின் வாடகை, மூன்று நாள் உணவு, அலங்காரம், பேருந்துகள், புகைப்படக் குழு என ஒவ்வொன்றாக அவர் தலையில் இறங்குகின்றன. முன்பு கேட்ட கைக்கூலியைவிட இது கூடுதலாகவே முடியும். அது மாப்பிள்ளையின் வங்கிக் கணக்கிற்குப் போகவில்லை என்பதற்காக அதன் பெயர் மாறிவிடுமா? வாங்கியவன் பயனடையவில்லை, கொடுத்தவன் மட்டும் அழிந்தான் என்றால் அது முன்னையதைவிட மோசமல்லவா?

மஹர் கொடுக்க வேண்டியது ஆண், வலீமா கொடுக்க வேண்டியதும் ஆண். பெண் வீட்டார் செலவில் மலையேறும் மணமகன் இந்த இரண்டையும் தலைகீழாக்குகிறான். அவன் எழுதும் மஹர் ஒரு பவுனோ இரண்டு பவுனோ. மாமனார் கட்டும் விடுதிக் கட்டணமோ பல இலட்சம்.

விடுதிகளின் உள் நடைமுறை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளியிலிருந்து பண்டாரியை அழைத்துவந்து சமைக்கப் பல விடுதிகள் இசைவதில்லை. அவர்கள் சமையலறை, அவர்கள் இறைச்சி. ஹலாலா என்று கேட்டால் ஆம் என்பார்கள், யார் அறுத்தது என்று கேட்டால் விழிப்பார்கள். மிஞ்சிய உணவு தூக்குச்சட்டியில் அண்டை வீடுகளுக்குப் போவதில்லை, குப்பைக்குப் போகிறது.

அந்தக் குப்பை மலையைவிட்டு எங்கே போகும்? 2019 ஜூனில் உத்தரகாண்டின் அவுலியில் ஒரு செல்வக் குடும்பம் தன் பிள்ளைகள் இருவரின் திருமணங்களை நடத்தியது. இமயத்தின் புல்வெளியில் நடந்த அவ்விழா உயர் நீதிமன்றம் வரை சென்று, 3 கோடி ரூபாய் வைப்புத்தொகை கட்டும்படி அக்குடும்பத்திற்கு உத்தரவானது. விழா முடிந்தபின் டன் கணக்கில் கழிவை அகற்றும் பாடு ஜோஷிமட் நகராட்சிக்கு வந்து சேர்ந்தது. நம் மலைகளின் நிலையும் வேறன்று. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில் நீலகிரிக்குள் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு விதித்தது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை தாங்கவில்லை என்பதை நீதிமன்றம் எண்களில் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மண் சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததைப் பார்த்தோம். அந்த மாவட்டத்தின் பெயரைத்தான் இன்று விடுதி விளம்பரங்களில் பார்த்து மயங்குகிறோம். மலைகளைப் பூமியின் முளைகளாக ஆக்கியதாக அல்லாஹ் தன் திருமறையில் கூறுகிறான். முளையைச் சுற்றித் தோண்டுவது யார் கூடாரத்தைச் சாய்க்கும்?

மலையழகுதான் உண்மையில் ஈர்க்கிறதென்றால், திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் செஞ்சி இருக்கிறது. பாறைக் குன்றுகளும் உண்டு, கோட்டைக்குள் சஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசலும் உண்டு. செஞ்சியில் நிக்காஹ் வைக்க வேண்டுமென்று அடம்பிடித்த மாப்பிள்ளை எவரையும் நாம் இதுவரை கேள்விப்பட்டதில்லை. ஏனெனில் தேடப்படுவது மலையன்று. மற்றவர்களால் போக முடியாத இடம் என்ற பெருமை.

இதனை ஹராம் என்று தீர்ப்பளிக்க நாம் முஃப்திகள் அல்லர். கூடலூரிலும் குன்னூரிலும் வாழும் நம் சகோதரர்களுக்கு மலையே மஹல்லா. அவர்கள் திருமணம் அங்கேதான் நடக்க வேண்டும். புதிதாய் மணமுடித்தவர்கள் இருவரும் நிக்காஹ் முடிந்தபின் மலைக்குச் செல்லட்டும், மகிழட்டும். அதற்கு நானூறு பேர் துணை தேவையில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். வெளியூரில் நிக்காஹ் நடத்துவோர் மஹல்லாவின் கடிதம் பெற உங்களிடம் வந்தே ஆக வேண்டும். கைக்கூலி உண்டா என்று அப்போது கேட்கிறீர்கள். அத்துடன் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்த இடத்தை முதலில் கேட்டது எந்த வீட்டார்? செலவை ஏற்பது எந்த வீட்டார்? விடையை இரு தரப்பாரிடமும் தனித்தனியே கேட்டு, அவர்கள் கையொப்பத்துடன் தஃப்தரில் எழுதிவையுங்கள். பெண்ணின் தந்தையிடம் கேட்கும்போது மாப்பிள்ளை வீட்டார் எவரும் அறையில் இருக்க வேண்டாம்.