புயலுக்கு முன்னே ஒரு வானொலிப் பெட்டி

கையில் செல்பேசி இருக்கையில் ஹாம் வானொலி எதற்கு என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. அவர்களுக்கு நான் 2020 மே 20ஆம் நாளை நினைவூட்டுவேன். அன்று ஆம்பன் புயல் சுந்தரவனப் பகுதியில் கரையேறிற்று. கொல்கத்தா மாநகரிலேயே மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல பகுதிகளில் மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் நாட்கணக்கில் இல்லை. செல்பேசிக் கோபுரம் இயங்க மின்சாரம் வேண்டும். கோபுரங்களை இணைக்கும் கண்ணாடி இழை அறுபடாமலும் இருக்க வேண்டும். இரண்டும் போய்விட்டால் நம் கையிலிருப்பது வெறும் கைவிளக்கே. ஊரில் பெற்றோர் செய்தியறியாது தவிப்பர்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையார், பிற நாட்டு ஹாம்களோடு பேசுவதற்கென்றே, அந்நாளில் போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில் தம் நிலையத்தை அமைத்திருந்தார். 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசி செயலற்றுப்போன அத்தீவிலிருந்து, பிழைத்தவர் பற்றிய செய்திகளை அவர் நிலையம் அக்கரைக்கு அனுப்பிற்று. அங்கே கருவி முன்னமே இருந்தது. இயக்கத் தெரிந்தவரும் முன்னமே இருந்தார். என் வாதமெல்லாம் அந்த 'முன்னமே' என்ற சொல்லைப் பற்றியதுதான்.

நம் சங்கம் ஒரு பெட்டி வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பெட்டி என்றதும் எல்லோரும் வானொலிக் கருவியின் விலையைக் கேட்கிறார்கள். நான் பேட்டரியிலிருந்து தொடங்குவேன். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. கேட்கும்போது அரை ஆம்பியர் இழுக்கும் கருவி ஒன்று. கணக்குப்படி 14 மணி நேரம் வரும். ஆனால் ஈய-அமில பேட்டரியை அடிவரை வற்ற விடலாகாது. ஆகவே பாதியே நம்முடையது. பேசத் தொடங்கினால் அதுவும் விரைவில் கரையும். சிறிய சூரிய ஒளிப் பலகை ஒன்றும் உடன் வேண்டும் என்பது இதனால்தான்.

அடுத்தது கம்பி. 5 வாட் வி.எச்.எஃப். கைக்கருவி மாடிக்கு மாடி, தெருவுக்குத் தெரு பேச உதவும். சுந்தரவனத்துக்கு எட்டாது, ஏறி நின்று பேச இங்கே மலையுமில்லை. அதற்கு 7 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் இயங்கும் கருவியும், பக்கத்துக்குப் பத்து மீட்டராக இரண்டு செம்புக் கம்பிகளும் வேண்டும். நான்கைந்து மீட்டர் உயரத்தில் கட்டினால் போதும். தாழக் கட்டிய கம்பியிலிருந்து அலை நேரே மேலேறி, அயனி மண்டலத்தில் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் இறங்கும். சிசிர்குமார் மித்ரா அந்த மண்டலத்தை ஆராய்ந்த ஊரில் இதை நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை. காற்று ஓய்ந்து, இடி நின்ற பின்னரே கம்பி ஏற வேண்டும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். மற்றபடி ஃபியூஸ், நைலான் கயிறு, டார்ச், பென்சில், குறிப்பேடு, உரிமத்தின் நகல். எல்லாம் நீர் புகாத ஒரு டப்பாவில்.

சென்ற மாதம் நானும் உரிமம் பெற்ற நண்பர் ஒருவரும் இப்படியொரு பெட்டியை மொட்டைமாடிக்குத் தூக்கிச் சென்றோம். துணிக்கொடிகளுக்கிடையே கம்பியைக் கட்டி முடித்தபின் பார்த்தால், கம்பியைக் கருவியோடு இணைக்கும் திருகுமுனை ஆய்வுக்கூட மேசையிலேயே தங்கிவிட்டது! வெயிலில் நடந்ததால் சிரித்தோம். ஆம்பன் இரவில் சிரித்திருப்போமா? மாதம் ஒருமுறை கட்டி, பேசி, அவிழ்க்காத பெட்டியை நான் நம்பமாட்டேன்.

மலிவான கைக்கருவி ஒன்றை வாங்கி அலமாரியில் வைப்பதும் ஆயத்தமாகாது. உரிமமின்றி ஒலிபரப்புவது குற்றம். தேர்வோ கடினமன்று. கட்டுப்படுத்தப்பட்ட நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேவையில்லை. 12 வயது நிரம்பிய எவரும் எழுதலாம். கலைப்பிரிவு நண்பர்களும் அஞ்ச வேண்டாம்.

ஆண்டுதோறும் சனவரியில் கங்காசாகர் மேளாவில் வழிதவறிய யாத்திரிகரைக் குடும்பத்தாரோடு சேர்க்க வங்கத்து ஹாம்கள் உதவுகிறார்கள். அத்திருவிழாவே அவர்களுக்கு ஒத்திகை. தொலைந்தவர் தமிழ் மட்டும் அறிந்த பாட்டியாயிருந்தால், அங்கே நம்மவர் ஒருவர் இருப்பது எவ்வளவு நன்று! தேர்வெழுத விரும்புவோர் சங்கச் செயலரிடம் பெயர் கொடுங்கள். நான்கு பேர் சேர்ந்தால் பேட்டரியை முதலில் வாங்கிவிடலாம். கம்பியும் கயிறும் என்னிடம் இருக்கின்றன.