அடக்கவிலை தெரியாமல் ஏலத்துக்குப் போகலாமா?

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது' என்று சொல்லிச் சொல்லியே நாம் கணக்கு நோட்டை ஓரம்கட்டிவிட்டோம். மிஞ்சவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளவாவது கணக்கு வேண்டாமா?

சிலமலை, போடி பகுதியிலிருந்து ஜீப் ஏறி மலைக்குப் போகும் ஏலக்காய் விவசாயிகளுக்கு இது கட்டாயம் வேண்டும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு வரத்து குறைந்து, 2019 ஆகஸ்டில் புற்றடி மின்னணு ஏலத்தில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஏலச்செடி காய்ப்புக்கு வர மூன்றாம் ஆண்டு ஆகும். அந்த விலையை நம்பிக் கடன் வாங்கி நட்டவர், 2022இல் காய் எடுத்தபோது சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே கிடந்தது.

ஏலத்தில் விலையை நாம் வைக்க முடியாது. ஆனால் நம் அடக்கவிலையைத் தெரிந்துவைத்திருக்கலாம். ஓர் உதாரணக் கணக்கு பாருங்கள். ஓர் ஏக்கரில் கூலி, உரம், மருந்து, ஜீப் வாடகை, ஸ்டோரில் உலர்த்தும் செலவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். உலர்ந்த காய் 300 கிலோ. கிலோவுக்கு 600 ரூபாய் அடக்கம் என்று நினைப்போம். வீட்டார் உழைப்புக்கு 30,000, நடவுச் செலவில் இந்த ஆண்டின் பங்கு 30,000 சேர்த்தால் அடக்கம் 800. ஏலத்தில் 750 கிடைத்தால் 150 லாபம் என்று நினைப்போம். உண்மையில் 50 நஷ்டம்.

அதற்காகக் காயைச் செடியில் விட்டுவிடக் கூடாது. போட்ட பணம் எடுக்காவிட்டாலும் திரும்பாது. இனிமேல் பறிக்க, உலர்த்த, கொண்டுபோக ஆகும் செலவைவிட விலை கூடுதலாக இருந்தால் எடுப்பதே சரி. 800 என்ற கணக்கு, குத்தகையை நீட்டிக்கலாமா, புதிதாக நடலாமா என்று முடிவெடுக்க உதவும்.

இருப்பு வைப்பதற்கும் கணக்கு உண்டு. மாதம் ஒரு வட்டிக் கடன் இருந்தால், 750 ரூபாய்க் காயை ஒரு மாதம் வைத்திருக்க கிலோவுக்கு ஏழரை ரூபாய் செலவு. பச்சை நிறம் மங்கினால் விலையும் குறையும்.

ஒவ்வோர் எடுப்பிலும் தேதி, பச்சைக்காய் எடை, உலர்ந்த எடை, செலவு ஆகியவற்றை எழுதுங்கள். ஐந்து கிலோ பச்சைக்காய்க்குச் சுமார் ஒரு கிலோ வர வேண்டும். குறைந்தால் பிஞ்சு பறிக்கிறார்களா என்று பாருங்கள்.

விரிவாக்க அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உரம், மருந்து பற்றிப் பேசும் பயிற்சியில் அரை மணி நேரத்தை இந்த நோட்டுக்கும் ஒதுக்குங்கள்.